மீண்டு வந்த கமராவும் மீளாத படங்களும்

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், கனடாவிலிருந்து எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தாள் என் தமக்கையின் மகள். பத்தொன்பது வயதுப் பெண், பல்கலைக்கழகத்திற் பயில்கின்றாள். தேர்த் திருவிழாவன்று காலை கோயிலுக்குப் புறப்படும் வேளையில், தன் கைப்பையிலிருந்து வெள்ளி நிறமான சிறியதொரு கமராவை வெளியே எடுத்தாள். அதைக் கண்டதும் நான் வியப்புற்றேன். ஏனெனில், ஏறக்குறைய அதே போன்ற கமரா ஒன்று எங்கள் வீட்டு அலுமாரியில், பழந்துணியொன்றிற் சுற்றப்பட்டுப் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடக்கின்றது. 2003ஆம் ஆண்டில் அவளுடைய தந்தையார் கனடாவிலிருந்து கொண்டுவந்து, திரும்பிச் செல்லும்போது என்னிடம் விட்டுச் சென்ற கமரா அது.

"ஏன் பிள்ளை, உன்ரை போனிலை இதைவிட எவ்வளவோ திறமான கமரா இருக்குதே! இந்தப் பழசை ஏன் காவித் திரியிறாய்?" என்று கேட்டேன்.

"போனிலை எடுத்தா எல்லாரும் ஒரே மாதிரித் தெரியினம், மாமா. இதிலை எடுத்தாத்தான் அந்த நாள் மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

'அந்த நாள்' என்று அவள் குறிப்பிட்ட நாளிலே அவள் பிறந்திருக்கவேயில்லை! பழம்பொருள் விற்கும் கடையொன்றில் நூறு டொலருக்கு மேற் கொடுத்து அதனை வாங்கினாளாம். அவளுடைய தோழியர் பலரும் இத்தகைய கமராக்களைத் தேடித் திரிகின்றனராம். அந்த மறுமொழியைக் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் அன்று மாலை அவள் கேட்ட இன்னொரு கேள்வி என்னைச் சிரிக்க விடவில்லை. அதனைக் கூறுமுன், மேல்நாடுகளில் இளைஞர் உலகைப் பற்றிக்கொண்டுள்ள இந்தப் புதிய ஆசையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

அச்சத்தின் பெயர் அலங்காரத்தின் பெயரானது

1999ஆம் ஆண்டின் இறுதி நாட்களை நடுத்தர வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். பழைய கணினிகள் பலவற்றில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. 2000 பிறக்கும்போது அவை '00' என்பதை 1900 என மயங்கி, வங்கிகளையும் மின்நிலையங்களையும் விமானப் போக்குவரத்தையும் நிலைகுலையச் செய்துவிடும் என்று உலகம் அஞ்சியது. பெரும்பொருள் செலவிட்டுக் கணினிகளைத் திருத்தினர். புத்தாண்டும் பேரிடர் எதுவுமின்றிப் பிறந்தது. அந்த இடருக்கு அன்று வழங்கிய சுருக்கப் பெயர் 'வை ரூ கே' என்பதாகும்.

காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! அன்று அச்சத்துக்கு இட்ட அதே பெயர் இன்று ஓர் அலங்காரத்தின் பெயராகிவிட்டது. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் நிலவிய உடை, சிகை, இசை, கருவிகள் ஆகிய அனைத்தையும் இன்றைய இளைஞர் 'வை ரூ கே' என்றே அழைக்கின்றனர். 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில் இயந்திரங்கள் மனிதர்மீது பாய்வதாகக் கற்பனை செய்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்று, இப்பெயரையே தாங்கி 2024இல் வெளிவந்தது. 2019இல் தொடங்கிய 'பென் பிப்ரீன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில், முப்பது வயதைக் கடந்த நடிகையர் இருவர், 2000ஆம் ஆண்டில் பதின்மூன்று வயதுச் சிறுமியராக இருந்த தங்களையே நடித்துக் காட்டினர்.

கருவிகளும் மறுபிறவி எடுத்துள்ளன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, ஏறக்குறைய 12.6 கோடி எண்ணிக்கையில் விற்பனையான நோக்கியா 3310 என்னும் கைத்தொலைபேசியை நம்மிற் பலர் கையிலெடுத்துப் பார்த்திருப்போம். கல்லிலே விழுந்தாலும் உடையாது என்று வேடிக்கையாகப் பேசப்பட்ட அதே கருவி, 2017இல் பார்சிலோனா நகரிற் புத்துருவம் பெற்று மீண்டும் அறிமுகமானது. 2004இல் வெளிவந்த மோட்டரோலா ரேசர் என்னும் மெல்லிய மடிப்புத் தொலைபேசியின் பெயரும், 2019இல் மடியும் திரையுடைய புதிய கருவியொன்றுக்கு இடப்பட்டது. ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கலாம் என்று 2001இல் அறிமுகமான ஐபொட் 2022இல் நிறுத்தப்பட்டது. இன்றோ பழைய ஐபொட்டுகளைத் தேடி வாங்கி, மின்கலத்தை மாற்றிப் பாட்டுக் கேட்போர் உளர்.

இவற்றுள் மிகவும் வியப்பளிப்பது சிறிய டிஜிற்றல் கமராவின் மறுவாழ்வே. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிற்றல் கமராக்கள் 12 கோடிக்கு மேலாகும். 2023இல் அத்தொகை 80 இலட்சத்துக்குங் கீழே இறங்கிவிட்டது. 2007இல் ஐபோன் வந்தபின், தொலைபேசியே கமராவை விழுங்கிவிட்டதுதான் காரணம். இவ்வாறு இறந்துபோனதாகக் கருதப்பட்ட பொருளைத்தான், இன்றைய இளைஞர் பெற்றோரின் மேசை இழுப்பறைகளிலிருந்து தோண்டியெடுத்து, அதில் எடுத்த படங்களை ரிக்ரொக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் பெருமையுடன் காட்டுகின்றனர்.

படம் ஏன் வேறுபடுகின்றது?

'பழைய கமராவின் படம் வேறு விதமாக இருக்கின்றது' என்பது வெறும் மயக்கமா, உண்மையா? உண்மைதான். அதற்கு விஞ்ஞானக் காரணமும் உண்டு.

பழைய டிஜிற்றல் கமராக்களின் கண்ணாக விளங்கியது சி.சி.டி. என்னுஞ் சில்லு. இதனை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2009இல், இதற்காக அவர்களுக்குப் பௌதிகத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. ஒளி விழும் ஒவ்வொரு புள்ளியிலும் மின்னேற்றம் சேரும். தீப்பிடித்த வீட்டை அணைக்க ஊரவர் வரிசையாக நின்று கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றுவதுபோல, அந்த மின்னேற்றம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குக் கைமாறிச் சென்று ஈற்றில் அளக்கப்படும். பேரொளி விழுந்தால் வாளி நிரம்பி வழியும். படத்தில் விளக்கைச் சுற்றி வெள்ளைக் கீற்றுக்கள் தோன்றுவது அதனாலேதான்.

கொடாக் நிறுவனத்தில் 1975இல் ஸ்ரீவன் சசோன் என்னும் இளம் பொறியியலாளர் அமைத்த முதலாவது டிஜிற்றல் கமரா இத்தகைய சில்லையே கொண்டிருந்தது. பத்தாயிரம் புள்ளிகளாலான கறுப்பு வெள்ளைப் படமொன்றை ஒலிநாடாவிற் பதிய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. பிலிம் சுருளால் வாழ்ந்த அந்த நிறுவனம், தன் வீட்டிலே பிறந்த பிள்ளையை நம்பி வளர்க்கவில்லை. 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றஞ் செல்ல நேர்ந்தது.

எனினும், வேறுபாடு முழுவதற்குஞ் சில்லு மட்டுமே காரணமென்பது தவறு. இன்றைய கைத்தொலைபேசி நாம் ஒருமுறை அழுத்தும்போது ஒரு படத்தை மட்டும் எடுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்திற் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகக் கலந்து, இருளை வெளிச்சமாக்கி, வானத்தின் கூச்சத்தைத் தணித்து, முகத்துச் சுருக்கங்களையும் மெழுகித் தருகின்றது. பழைய கமராவோ அந்தக் கணத்தில் விழுந்த ஒளியை ஒருமுறை மாத்திரம் வாங்கிற்று. அதன் மின்னொளி நெற்றியிற் பட்டுப் பளிச்சிடும். பின்னணி இருண்டு கிடக்கும். சிலவேளை கண்கள் செந்நிறமாகத் தோன்றும். இவை குறைகளே. ஆயினும், அக்குறைகளைக் காண்கையில் 'இது நடந்தது. நாம் அங்கே இருந்தோம்' என்னும் உணர்ச்சி பிறக்கின்றது. என் மருமகள் சொன்னதன் உட்பொருள் இதுவேயாம்.

பிறக்குமுன் கழிந்த காலத்துக்கு ஏக்கமா?

கழிந்ததை எண்ணி ஏங்குவது மனித இயல்பு. அதற்கு ஐரோப்பியர் வழங்கும் பெயர் 'நொஸ்ரால்ஜியா'. 1688இல் பாசெல் நகரில், ஜொகான்னஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வலி என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை ஆக்கினார். அந்நிய நாடுகளிற் கூலிப்படையினராகப் பணிபுரிந்த சுவிற்சர்லாந்து வீரரைப் பீடித்த ஊர் ஏக்கத்தை ஒரு நோயென்றே மருத்துவர் அன்று கருதினர். இடத்துக்கான ஏக்கமாக இருந்த சொல், நாளடைவிற் காலத்துக்கான ஏக்கமாக மாறிற்று. நம் நாட்டு எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தம் இளமைக்கால யாழ்ப்பாணத்தை நினைவுகூர்ந்து எழுதிய நூலுக்கு 'நனவிடை தோய்தல்' என்று பெயரிட்டார். இதனினும் பொருத்தமான தமிழ்த் தொடரை நான் அறியேன்.

ஒரு தலைமுறையின் இளமைக்காலம், பத்து இருபது ஆண்டுகளிற் கலையாக மாறி வருவதைப் பல தடவை கண்டிருக்கின்றோம். 1962ஆம் ஆண்டின் ஓர் இரவைச் சித்திரித்த 'அமெரிக்கன் கிராபிற்றி' என்னுந் திரைப்படம் 1973இல் வந்தது. 1950களைக் காட்டிய 'ஹப்பி டேய்ஸ்' என்னுந் தொடர் 1974இல் தொடங்கிற்று. அன்று சிறுவராக இருந்தோர் வளர்ந்து, படம் எடுப்போராகவும் பணங் கொடுத்துப் பார்ப்போராகவும் ஆவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கின்றது. வணிகரும் இதனை நன்கறிவர். பழைய பெயரைப் புதிய பொருளில் ஒட்டி விற்பதில் அவர்களுக்கு இலாபம் உண்டு.

ஆனால், தான் காணாத காலத்துக்காக ஏங்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இவ்விளக்கம் போதாது. அவளுடன் சில நாள் பழகியபின் நான் உணர்ந்தது இதுதான்: அவள் விரும்புவது அந்தக் காலத்தையன்று, அந்தக் கருவியின் எல்லையை. பழைய கமரா படம் மட்டுமே எடுக்கும். அதற்கு அழைப்பு வராது, செய்தி வராது, விளம்பரம் வராது. மூடிப் பைக்குள் வைத்தால் அதன் வேலை முடிந்தது. தேர் வடம் பிடிக்கும் வேளையில் அவள் மூன்று படங்கள் எடுத்தாள். பின்னர் கமராவைப் பையினுள் இட்டு, இரு கைகளையுங் கூப்பிக்கொண்டு நின்றாள். அருகே கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்திருந்த பலரோ, தேரைத் திரையில் மட்டுமே கண்டு திரும்பினர். அவர்களுள் நானும் ஒருவன்.

அந்த மாலைக் கேள்வி

அன்று மாலை திண்ணையிற் கூடியிருந்தபோது அவள் கேட்டாள்: "மாமா, அப்பா தந்த கமராவிலை எடுத்த படங்களைக் காட்டுங்கோவன். அம்மம்மா இருக்கிற படம் இருக்குத்தானே?"

அவளுடைய அம்மம்மா என் தாயார். 2007இற் காலமானார். பேர்த்தி அவரை நேரிற் காணவேயில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது, நாங்களும் கையில் அகப்பட்டவற்றுடன் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் இருந்தன. படத் தொகுப்புக்கள் இருந்த பெட்டி இல்லை. அம்மாவின் திருமணப் படம் முதலாக யாவும் அதனோடு போயின. எனவே, 2002 ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்து, மறு ஆண்டு அத்தான் அந்தக் கமராவுடன் வந்திறங்கியபோது அவர் எடுத்த படங்களே எங்கள் குடும்பத்தின் செல்வமாயின. அம்மா கிணற்றடியில் நிற்பது, முற்றத்தில் ஒடியல் காயவிடுவது, வேலிக்கு மேலால் அயல்வீட்டாருடன் வாதாடுவது என்று முந்நூறுக்கு மேற்பட்ட படங்கள். நகரத்துக் கணினிக் கடையொன்றில் அவற்றை இரண்டு இறுவட்டுக்களிற் பதித்து வாங்கினேன். கமராவின் நினைவக அட்டையை அழித்து மறுபடியும் பயன்படுத்தினேன். இறுவட்டு இருக்கும்போது வேறென்ன கவலை என்று எண்ணினேன்.

இறுவட்டுக்களைத் தேடி எடுத்தோம். எங்கள் கணினியில் அவற்றை இடுவதற்கு வாயே இல்லை. அயலவர் ஒருவரிடம் பழைய கருவியொன்றை இரவல் வாங்கினோம். முதலாவது இறுவட்டிற் பாதிப் படங்கள் திறந்தன: கோயில், வீதி, உறவினர், ஆட்டுக்குட்டி. இரண்டாவது இறுவட்டு நெடுநேரஞ் சுழன்று முனகியது, பின்பு நின்றுவிட்டது. அம்மாவின் படங்கள் அதிலேதான் இருந்தன. மறுநாள் வேறு இரு கருவிகளிலும் இட்டுப் பார்த்தோம். பயனில்லை.

வட்டும் வாடும்

இதற்குங் காரணம் உண்டு. கடையில் விற்கும் பாட்டு இறுவட்டில் நுண்ணிய பள்ளங்கள் அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். நாம் வீட்டிற் பதியும் இறுவட்டோ, ஒரு சாயப் படலத்தின் மேல் லேசர் ஒளியாற் சுட்டு எழுதப்படுவது. வெப்பத்தாலும் ஈரத்தாலும் வெயிலாலும் அச்சாயம் மெல்ல மெல்லக் கெடும். நம் நாட்டு வெக்கையில் அதன் ஆயுளை எண்ணிப் பாருங்கள்.

தனி வீட்டில் மட்டுமன்றி, பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2000களில் இளைஞர் உலகை ஆண்ட 'மைஸ்பேஸ்' என்னும் இணையத்தளம், தன் கணினிகளை மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை மக்கள் இட்டுவைத்த பாடல்களை இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. அழிந்த பாடல்கள் 5 கோடிக்கு மேலென மதிப்பிடப்பட்டது. இணையத்தை அமைத்தோருள் ஒருவரான வின்ற் சேர்வ், இந்த இடரை 2015இலேயே எச்சரித்தார். நம் காலத்துப் பதிவுகளைத் திறக்கும் வழியறியாது பிற்காலத்தவர் நம் நூற்றாண்டை இருண்ட காலமாகக் காணக்கூடும் என்றும், உண்மையாகப் போற்றும் படங்களைத் தாளில் அச்சிட்டு வைக்கவேண்டும் என்றும் அவர் கூறினார். கணினி வல்லுநர் ஒருவரே தாளை நம்பச் சொன்னதை நாம் கவனித்தல் வேண்டும்.

இந்தப் புதிய மோகத்தின் முரண்பாடு இங்கேதான் உள்ளது. 2003ஆம் ஆண்டின் தோற்றத்தை உலகம் இன்று பணங் கொடுத்து வாங்குகின்றது. 2003இல் உண்மையாகவே எடுக்கப்பட்ட படங்களோ அலுமாரிகளுக்குள் ஓசையின்றி அழிந்துகொண்டிருக்கின்றன. கருவிகளை மறுபடி செய்யலாம், தொழிற்சாலைகள் இருக்கின்றன. கிணற்றடியில் நின்ற என் தாயாரை மறுபடி நிறுத்த எந்தத் தொழிற்சாலையால் இயலும்?

எஞ்சிய ஒன்று

ஒரே ஒரு படம் எஞ்சியிருந்தது. அம்மாவின் அந்தியேட்டிக்கு நாம் அச்சிட்ட கல்வெட்டில், முதற் பக்கத்தில், அந்தக் கமராவில் எடுத்த முகம் இருக்கின்றது. எங்கள் பிரதியைச் செல்லரித்துவிட்டது. ஆயினும், கல்வெட்டு என்பது ஒரு வீட்டில் மட்டும் இருப்பதன்றே! உற்றார் உறவினர் அனைவருக்குங் கொடுத்திருந்தோம். உரும்பிராயிலுள்ள பெரியம்மா வீட்டுச் சுவாமி அறையில் நல்ல பிரதியொன்று இருந்தது. பேர்த்தி அதனை நெடுநேரம் பார்த்தாள். "அம்மாவின்ரை மூக்குத்தான்" என்றாள். பின்னர் தன் வெள்ளிக் கமராவால் அப்பக்கத்தைப் படமெடுத்தாள்.

நம் முன்னோர் கல்வெட்டு அச்சிட்ட வழக்கத்தில் ஒரு பாதுகாப்பு முறையும் அடங்கியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தாளில் இரு, பெயரும் ஊரும் எழுதப்பட்டிரு, பல வீடுகளில் இரு. எதைக் காக்க விரும்பினாலும் இம்மூன்றுமே வழி.

ஆகவே, வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டு இறுவட்டுக்களையும் நினைவக அட்டைகளையும் பழைய கைத்தொலைபேசிகளையும் இந்த வாரமே வெளியே எடுங்கள். திறக்கக்கூடியவற்றைத் திறந்து, இரண்டு வேறு இடங்களிற் பிரதி செய்யுங்கள். ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே, வேற்றூரிலோ வேற்றுநாட்டிலோ வாழும் உறவினரிடம் இருக்கட்டும். ஆண்டுக்கு இருபது படங்களையேனுந் தாளில் அச்சிடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாவும் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

மாணவர்களுக்குத் தனியே ஒன்று. வரும் விடுமுறையில் ஒரு நாள் உங்கள் பாட்டியாருடன் இருந்து, அந்தப் படங்களில் நிற்போர் யாவர், எடுத்த ஊர் எது, ஆண்டு எது என்று கேட்டுப் பின்புறத்திற் பென்சிலால் எழுதுங்கள். பழைய கமராவால் படமெடுக்க விரும்பினால் தாராளமாக எடுங்கள், அதிற் பிழையில்லை. ஆனால், எடுத்த படத்தை அச்சிட்டுப் பெயரெழுதி வைக்கும்வரை அட்டையை அழித்துவிடாதீர்கள். நான் அழித்தேன்.